பழைய மிரர் படகு: பார்த்து வாங்குவதும் பழுது நீக்குவதும்

பிரிட்டனில் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பலரும் விலையை நினைத்தே பின்வாங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். பழைய மிரர் படகு ஒன்று சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். ‘இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும்’ என்று இனாமாகவே தருகிறவர்களும் உண்டு. செலவு வைப்பது படகல்ல, படகோடு வராத சாமான்கள். மரத்தில் இருக்கும் பழுதை உங்கள் கையுழைப்பால் சரிசெய்துவிடலாம். இல்லாத பாயையும் காணாமல்போன சுக்கானையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உழைப்பைக் கேட்கும் குறை எது, பணத்தைக் கேட்கும் குறை எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், ஏமாறாமல் வாங்கலாம். இந்த அத்தியாயத்தை அந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஏன் மிரர்?

1963-இல் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவோடு வெளிவந்த படகு இது. வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் ஜாக் ஹோல்ட். ஜிபி 14, என்டர்பிரைஸ் போன்ற படகுகளை ஏற்கெனவே உருவாக்கிப் பெயர்பெற்றவர். இன்னொருவர் பாரி பக்னெல். வீட்டு வேலைகளை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம் என்று பிபிசி தொலைக்காட்சியில் செய்தே காட்டியவர். அறுபத்து மூன்று பவுண்டு பதினொரு ஷில்லிங்குக்கு ஒரு பெட்டி வாங்கி, கராஜிலேயே படகு கட்டிவிடலாம் என்பதுதான் அன்றைய வாக்குறுதி. பத்திரிகையின் சிவப்பே பாய்க்கும் நிறமானது. இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பழசு மலிவாகக் கிடைப்பதற்கும், உதிரிச் சாமான்களைத் தேடிப் பிடிக்க முடிவதற்கும் இந்த எண்ணிக்கையே காரணம்.

நீளம் 3.3 மீட்டர். வெறும் உடல் மட்டும் ஏறக்குறைய 45 கிலோ. இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரையில் வைத்துவிடலாம். அணியம், அதாவது படகின் முன்முனை, கூர்மையாக இல்லாமல் தட்டையாக முடிவதால், இருக்கிற நீளத்துக்குள் இடம் தாராளம். பாய்மரம் குட்டை, அதன் உச்சிக்கு மேலே எழும்பும் ஒரு மேல்கம்புதான் பாயின் மேற்பாதியைத் தாங்குகிறது. கழற்றினால் எல்லாக் கம்புகளும் படகுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் ஒற்றை உயர மரத்துக்கும் விதிகள் இடம் கொடுத்தன. ஆனாலும் காரில் ஏற்றித் திரிகிறவர்களுக்குப் பழைய அமைப்பே தோது.

கட்டிய முறைதான் நமக்கு முக்கியம். 5 மில்லிமீட்டர் கடல்தரப் பிளைவுட்டை வடிவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, தையலின் உள்ளும் புறமும் ஃபைபர்கிளாஸ் நாடாவை ரெசினால் ஒட்டினார்கள். படகைத் தைத்துக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளும் கயிற்றால் தைத்த பலகைகள்தாம். மிரரில் தச்சனின் கைத்திறன் தேவைப்படும் மூட்டு அநேகமாகக் கிடையாது. கைவாள், இழைப்புளி, திருப்புளி, துளைக்கருவி வைத்துக்கொண்டு கணக்கர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கட்டிய படகை, அதே கருவிகளை வைத்துக்கொண்டு நீங்களும் பழுது பார்க்கலாம். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு மிரரும் வேறு வேறு வீட்டில் பிறந்தது. ஒருவர் பசையைத் தாராளமாகப் போட்டிருப்பார், இன்னொருவர் மிச்சம் பிடித்திருப்பார். அதனால் ‘மிரர் நல்ல படகு’ என்று கேள்விப்பட்டதை நம்பி எதையும் வாங்காதீர்கள். உங்கள் முன்னால் கிடக்கும் அந்த ஒரு படகைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சின்னப் படகில் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி: ஏ. ஜே. மெக்கின்னன் என்ற ஆசிரியர் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து ஒரு பழைய மிரரில் புறப்பட்டு, ஆறுகள், கால்வாய்கள், ஆங்கிலக் கால்வாய் எல்லாம் கடந்து கருங்கடல் வரை போய்ச் சேர்ந்தார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வெம்ப்ளி, கிங்ஸ்பரிப் பக்கம் இருப்பவர்களுக்கு வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சிறு பாய்மரப் படகுகள் ஓட்டும் கிளப்புகளும் உண்டு.

எப்போது, எங்கே தேடுவது

செப்டம்பர் முடிவிலிருந்து நவம்பர் வரை தேடுங்கள். பருவம் முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு நிறுத்துமிடக் கட்டணம் கண் முன்னால் நிற்கிறது, படகுக்காரருக்கு அதை எப்படியாவது கழித்துக்கட்ட வேண்டும். அதே படகுக்கு ஏப்ரலில் வேறு விலை சொல்வார். குளிர்காலம் முழுவதும் உங்களுக்குக் காயவைக்கவும் வேலை செய்யவும் கிடைக்கும் என்பது இன்னொரு லாபம்.

விளம்பரங்களைவிடக் கிளப்புகளின் படகு நிறுத்துமிடமே நல்ல வேட்டைக்களம். நேரில் போய்ப் பொறுப்பாளரைக் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டாமல் புல்லுக்குள் புதைந்து கிடக்கும் படகுகள் எங்கேயும் ஒன்றிரண்டு இருக்கும். உரிமையாளர் எடுத்துச் செல்லாமல் விட்ட பொருளை முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விற்பதற்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் வழிவைத்திருக்கிறது. கிளப் அந்த வழியில்தான் விற்கிறது என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கிளப்பின் பெயரில் ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். தனியாரிடம் வாங்கினாலும் பாய் எண், தேதி, தொகை, இரு தரப்புக் கையெழுத்து உள்ள ஒரு ரசீது கட்டாயம் வேண்டும். காருக்கு இருப்பதுபோல் இந்தச் சின்னப் படகுகளுக்குப் பதிவுப் புத்தகம் கிடையாது. அந்தத் தாள்தான் உங்கள் அத்தாட்சி.

பாய் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டவை. எண் சிறிதானால் படகுக்கு வயது அதிகம். அதே எண் மரத்திலும் செதுக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பாய் வேறு படகிலிருந்து வந்தது என்று பொருள். அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் ஏன் என்று கேளுங்கள்.

600 பவுண்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிக்கும் விதம் இது: பாயும் கம்புகளும் சுக்கானும் தள்ளுவண்டியும் சேர்ந்த படகுக்கு 250, எபாக்ஸி, நாடா, பிளைவுட், உப்புத்தாள் வகைக்கு 120, பெயின்ட், வார்னிஷுக்கு 80, கயிறு, கம்பிக்கு 60, மிதவை அங்கிக்கு 50, மீதி 40 கைக்காவல். இரவல் கிடைக்கும் கருவிகளை வாங்காதீர்கள். படகை இனாமாகத் தருகிறேன் என்பவரிடம் பாயும் வண்டியும் இல்லையென்றால், இந்தக் கணக்கில் அது இனாம் இல்லை. அந்த இரண்டையும் புதிதாக வாங்கினாலே 600 போதாது.

பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைப் படகே காட்டிக்கொடுக்கும். கையில் டார்ச், மழுங்கிய முனையுள்ள சிறு திருப்புளி, பழந்துணி இருந்தால் போதும்.

மரப் படகை அழிப்பது கடல்நீர் என்று பலர் நினைக்கிறார்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர், அதாவது மழை. மூடாமல் நிமிர்த்தி வைத்த படகுக்குள் மழைநீர் தேங்கி, இலைகள் விழுந்து மக்கி, மூலைகளில் ஈரம் ஆறாமல் நின்றால்தான் மரம் உளுக்கிறது. ஆகவே படகு கடலில் எவ்வளவு ஓடியது என்பதைவிட, கரையில் எப்படிக் கிடந்தது என்று கேளுங்கள். கவிழ்த்து வைத்திருந்தார்களா, தார்ப்பாய் இருந்ததா, காற்று உள்ளே போனதா?

முதலில் காற்றறைகள். மிரரில் நான்கு உண்டு: முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் ஒன்று. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பாற்றுபவை இவை. கவனிப்பாரின்றி அழுகுபவையும் இவைதான். மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பாருங்கள். காய்ந்த மரத்தின் வாசனை வந்தால் மேலே பார்க்கலாம். மழைக்கால நிலவறையின் முடைநாற்றம் வந்தால் உள்ளே கையை விட்டு அடிமூலைகளைத் தடவுங்கள். நகம் இறங்கினால் அங்கே மரம் போய்விட்டது. படகு பார்க்கப் போகிற இளைஞர்கள் சிலர் அங்கிருந்தே எனக்குப் போன் செய்வார்கள்.

“அண்ணை, பெயின்ட் புதுசாய் அடிச்சிருக்கு. உள்ளுக்கும் பளபளப்பு. எடுக்கட்டே?”

“பெயின்ட்டை விடும் தம்பி. டாங்கை மணந்து பாத்தனீரோ?”

விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பெயின்ட்டை நான் குறையாகவே எடுத்துக்கொள்வேன். உரிந்துபோன பழைய பூச்சு உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. புதுப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

பிறகு திருப்புளியின் கைப்பிடியால் படகைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பிளைவுட் கணீரென்று பேசும். உளுத்த இடமும், பிளைவுட்டின் ஏடுகள் விட்டுப்போன இடமும் மொத்தென்று ஒலிக்கும். ஒலி மாறுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். டாகர் போர்டு (படகின் அடியில் நீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் பெட்டியின் அடிப்பகுதி, பாய்மரத்தின் அடி நிற்கும் இடம், பக்கக் கம்பிகள் மாட்டும் தகடுகளைச் சுற்றி, அமரப் பலகையின் (பின்முனைப் பலகையின்) கீழ்விளிம்பு, தட்டையான அணியத்தின் மூலைகள், வெளிவிளிம்புச் சட்டத்துக்கு அடியில் — பழுது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் ஒளிந்திருக்கும். வார்னிஷுக்கு அடியில் சாம்பலோ கறுப்போ படர்ந்திருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. சாம்பல் நிறம் சுரண்டினால் போய்விடும். கறுப்பாய்ப் போன இடத்தில் திருப்புளி முனையை வைத்து மெல்ல அழுத்துங்கள், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

ஒட்டிய நாடாவின் ஓரம் பல படகுகளில் மேலெழும்பி இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பாலியெஸ்டர் ரெசின் மரத்தோடு அவ்வளவு உறுதியாக ஒட்டுவதில்லை, காலப்போக்கில் விடும். அது உழைப்பு கேட்கும் குறை, விலையைக் குறைக்கக் கேட்க நல்ல சாக்கு. உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து இடம் உளுத்திருந்தாலும் வாங்கலாம். டாகர் போர்டுப் பெட்டி அசைந்தாலோ, அடிப்பலகையில் முழ நீளத்துக்கு மேல் பஞ்சாகிவிட்டிருந்தாலோ அந்தப் படகை விட்டுவிடுங்கள், பாய் மட்டும் நன்றாக இருந்தால் பாயை விலை பேசுங்கள்.

பாயைப் புல்லில் விரித்து, பிறகு வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளைகள் மின்னும். வெயில் முதலில் தின்பது துணியை அல்ல, தையல் நூலை. மடிப்புத் தையலில் நகத்தை விட்டு இழுத்தால் நூல் பொடிந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால், துணி உறுதியாக இருக்கும்வரை மறுதையல் போடலாம். கைக்குட்டைபோல் துவண்டு, சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிவிட்ட பாயும் ஏரியில் கற்றுக்கொள்ளப் போதும். பூசணப் புள்ளிகள் அழகைத்தான் கெடுக்கும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் சில பருவங்களில் பாயை மாற்றிவிடுவார்கள். அவர்கள் கழித்த பாய் நமக்குப் புதுப் பாய் மாதிரி. மிரர் ஓட்டும் கிளப்பில் விசாரித்து வையுங்கள்.

கடைசியாகச் சாமான்களைத் தரையில் பரப்பி எண்ணுங்கள். பாய்மரம், மேல்கம்பு, கீழ்க்கம்பு, இரண்டு பாய்கள், சுக்கான், சுக்கான் பிடி, டாகர் போர்டு, மூன்று தாங்கு கம்பிகள், கப்பிகள், காற்றறை அடைப்பான்கள், துடுப்பு, தள்ளுவண்டி. ‘வீட்டில் எங்கேயோ இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்’ என்றால் அது வராது. அதை இல்லாததாகவே கணக்கிட்டு விலை சொல்லுங்கள்.

ஃபைபர்கிளாஸ் படகுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை உளுக்காது. ஆனால் உள்ளே அடைத்த நுரை தண்ணீர் குடித்துக் கனத்துப்போனால் வெளியே தெரியாது. முனையைத் தூக்கிப் பாருங்கள். தளத்தில் ஏறி நின்று காலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம்.

காயவைத்தல்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மூடிகள், அடைப்பான்கள் எல்லாவற்றையும் திறந்து, உலோகச் சாமான்களைக் கழற்றி, எது எங்கிருந்தது என்று போன் கேமராவில் படம் எடுத்துவைத்து, மழை படாமல் காற்றோட்டமாக வைத்துவிடுங்கள். கராஜ் இல்லாதவர்கள் மரக்கட்டைகள் மேல் கவிழ்த்து, தார்ப்பாயை உடலில் ஒட்டாமல் கூடாரம்போல் கட்டலாம். மரம் காய வாரங்கள் ஆகும், சில படகுகளுக்கு மாதங்கள் ஆகும். ஈர மரத்தின் மேல் எபாக்ஸி பூசுவது உளுவை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

காத்திருக்கும் நாட்களில் பழைய பூச்சைச் சுரண்டலாம். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் கூர்மையான சுரண்டியும் போதும். பிளைவுட்டின் மேலேடு மெல்லியது, எந்திர உப்புத்தாளை அழுத்தினால் ஏடே போய்விடும். முதல் பத்தாண்டுப் படகுகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றில் ஹீட் கன்னும் உலர்ந்த தேய்ப்பும் வேண்டாம். நீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி அணியுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

உளுத்ததை வெட்டி ஒட்டுப்போடுதல்

எபாக்ஸியோடு முதலில் பழகிக்கொள்ளுங்கள். பழைய பாலியெஸ்டர் மேலும் எபாக்ஸி ஒட்டும், மரத்தின் மேலும் ஒட்டும். எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. அதனால் பழுதுக்கு எபாக்ஸி மட்டுமே. ரெசினையும் கடினப்படுத்தியையும் கலக்கும் விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒன்றில் ஐந்துக்கு ஒன்று, இன்னொன்றில் இரண்டுக்கு ஒன்று. டப்பாவில் உள்ளதை அப்படியே பின்பற்றுங்கள். கடினப்படுத்தியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் பாலியெஸ்டரிலிருந்து வந்தது. எபாக்ஸியில் அப்படிச் செய்தால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். குறுகிய கோப்பையில் நிறையக் கலக்கி வைத்தால் தானே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலக்கி அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு இந்த வேலையையே விட வேண்டிவரும்.

இனி ஒட்டு. உளுத்த இடத்தைச் சுற்றிச் சுத்தமான மரம் தெரியும்வரை வெட்டியெடுங்கள், கொஞ்சம் தாராளமாகவே. மூலைகளை வளைவாக விடுங்கள், கூர்மூலையில் விரிசல் தொடங்கும். பிறகு துளையின் விளிம்பை எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இழையுங்கள்: 5 மில்லிமீட்டர் பலகைக்கு 40 மில்லிமீட்டர் அகலச் சரிவு. கேட்கப் பயமாக இருக்கும், செய்யும்போது பிளைவுட்டே வழிகாட்டும். இழைக்க இழைக்க அதன் ஏடுகள் வெளிறிய பட்டை, கறுத்த பசைக்கோடு, மறுபடி வெளிறிய பட்டை என்று வரிவரியாகத் தெரியும். வரிகள் ஒரே அகலத்தில் இணையாக ஓடினால் சரிவு சரி. ஓரிடத்தில் வரி குறுகினால் அங்கே செங்குத்தாகிவிட்டது. அகன்றால் அதிகமாகச் சாய்ந்துவிட்டது. இழைப்புளியில் தொடங்கி, கட்டையில் சுற்றிய உப்புத்தாளில் முடியுங்கள்.

அதே தடிமனில், மேலேட்டின் நரம்பு அதே திசையில் ஓடும்படி ஒரு துண்டை வெட்டி, அதற்கும் அதே சரிவு கொடுங்கள். இரண்டு சரிவுகளிலும் முதலில் வெறும் எபாக்ஸியைப் பூசி, குடிக்கவிடுங்கள். வெட்டிய மரம் கண்ணெதிரே உறிஞ்சும். பளபளப்பு மங்கினால் இன்னொரு தடவை பூசுங்கள். அதன்பின் சிலிக்காப் பொடி சேர்த்து கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்த எபாக்ஸியைத் தடவித் துண்டைப் பொருத்தி, மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் தட்டையான பலகை, அதன்மேல் பாரம் அல்லது கிளாம்ப். நெருக்கிப் பிழிய வேண்டாம். பசை எல்லாம் வெளியே வந்துவிட்டால் உள்ளே ஒட்ட எதுவும் இருக்காது. ஓரமெல்லாம் ஒரு மெல்லிய கோடாகக் கசிந்தால் போதும்.

உளு காற்றறையின் பக்கம் இருந்தால், இருக்கிற மூடி வழியாகக் கை அந்த இடத்தை எட்டாமல் போகலாம். அப்போது அறையின் சுவரில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, பிறகு திருகுமூடி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். பழுதுக்கும் வழி, இனி என்றைக்கும் காற்றோட்டத்துக்கும் வழி.

மேலெழும்பிய நாடாவை ஒட்டியிருக்கும் இடம்வரை உரித்து, மரம் பளிச்சென்று தெரியத் தேய்த்து, எபாக்ஸியில் புது நாடா ஒட்டுங்கள். முழு அடிப்பகுதியையும் ஃபைபர்கிளாஸால் போர்த்திவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கனம் கூடும், செலவு கூடும், உள்ளே நீர் புகுந்தால் வெளியேற வழியும் இருக்காது. மிரரின் அழகே அதன் லேசுதான்.

பழைய திருகுத்துளைகளையும் இப்போதே கவனியுங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டால் திருகு மரத்தையே தொடாது. அந்த வழியாக நீரும் போகாது.

காற்றறைச் சோதனை

பெயின்ட் அடிக்கும் முன் செய்ய வேண்டியது இது. அறையின் மூடிகளை இறுக்கி, வடிகால் துளையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, சுற்றிலும் களிமண்போல் எதையாவது அப்பி அடையுங்கள். சோப்புத் தண்ணீரைப் பெயின்ட் பிரஷால் மூட்டுகள் நெடுகத் தடவும்படி இன்னொருவரிடம் சொல்லிவிட்டு, குழாயில் வாயை வைத்து மெல்ல ஊதுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை பூத்து நிற்கும். பம்பு வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் மூட்டே பிளந்துவிடும். நுரைத்த இடத்தைப் பென்சிலால் குறித்து, உலர்த்தி, எபாக்ஸி கொடுத்து, மறுபடி ஊதுங்கள். நுரை வருவது நிற்கும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பூச்சு

எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகுபோல் ஒரு படலம் தங்கும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும் என்பதால் எந்த இடத்தையும் பூச்சில்லாமல் விடக்கூடாது. வெளிப்பக்கத்துக்கு ஒற்றை டப்பா பாலியூரித்தேன் பெயின்ட் போதும். நுரை உருளையால் தடவி, உடனே உலர்ந்த பிரஷின் நுனியால் ஒரே திசையில் நீவிவிடுங்கள். கம்புகளுக்கு வார்னிஷ்: முதல் பூச்சை நீர்க்கவும் அடுத்தடுத்தவற்றைக் கெட்டியாகவும், ஐந்தாறு பூச்சு. பிற்பகல் தாண்டிப் பூசினால் பனி இறங்கி மங்கிவிடும். காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

கயிறு, கம்பி, வண்டி

தாங்கு கம்பிகளைத் துணியால் பிடித்து உருவிப் பாருங்கள். துணி மாட்டினால் ஓர் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியை மாற்றுங்கள். பாய் ஏற்றும் கயிறு நீளாத பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நீளும், ஏற்றிய பாய் தொய்ந்துபோகும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு 8 மில்லிமீட்டர் தடிமனில், கைக்கு மெத்தென்று இருந்தால் விரல் நோகாது. மிரருக்கு இதைவிட ஆடம்பரமான கயிறு எதுவும் தேவையில்லை.

சாலை டிரெய்லர் வாங்கினால், அதன் சக்கரத்தை நீருக்குள் இறக்கவே இறக்காதீர்கள். பேரிங்கில் நீர் போய்விட்டால் நெடுஞ்சாலையில்தான் அது தெரியவரும். நீரில் இறக்கத் தள்ளுவண்டி. டிரெய்லரின் பின்னால் விளக்குப் பலகையும் உங்கள் காரின் எண்ணும் இருக்க வேண்டும். கூரையில் ஏற்றினால் முன்னும் பின்னும் இரண்டு கயிறு கட்டுங்கள், பட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

தண்ணீரில்

கிளப்பில் சேர்வதற்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கேட்பார்கள். கால்வாய்களிலும் தேம்ஸ் போன்ற ஆறுகளிலும் உரிமமும் வேண்டும். பாய் ஓட்டத் தெரியாதவர்கள் ராயல் யாட்டிங் அசோசியேஷனின் முதல் இரண்டு நிலைப் பயிற்சிகளைப் படகு காயும் குளிர்காலம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேல் பாருங்கள். நிறுத்துமிடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா? இதைப் பார்க்காமல் மரத்தைத் தூக்குவது உயிருக்கு ஆபத்து.

முதல் நாள் காற்று குறைந்த, கரை பக்கத்திலேயே உள்ள ஏரியாக இருக்கட்டும். மிதவை அங்கி போட்டு, அடைப்பான்களைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் இறைக்கும் வாளியைக் கயிற்றால் படகோடு கட்டிக்கொண்டு இறங்குங்கள். சிறிது நேரம் ஓட்டியபின், இடுப்பளவுக்கு மேல் தண்ணீருள்ள இடத்தில், துணைப் படகு ஒன்று பக்கத்தில் நிற்க, நீங்களே வேண்டுமென்று கவிழ்த்துப் பாருங்கள். டாகர் போர்டில் ஏறி நின்று நிமிர்த்துங்கள். இரண்டு பக்கமும் கவிழ்த்து நிமிர்த்திவிட்டுக் கரையேறி, நான்கு அறைகளையும் திறந்து ஸ்பாஞ்சால் ஒற்றியெடுங்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் சில துளிகள் வருவது இயல்பு. கோப்பைக் கணக்கில் வந்தால் எந்த அறை என்று குறித்துக்கொண்டு சோப்பு நீருக்குத் திரும்புங்கள்.

ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் நல்ல தண்ணீரால் கழுவி, அறைகளின் மூடியைத் திறந்து, அணியத்தை உயர்த்தி வையுங்கள். மிஞ்சிய நீர் அமரத்தின் துளை வழியே வடிந்துவிடும். குளிர்காலத்துக்குப் படகைக் கட்டைகள் மேல் கவிழ்த்து, தரைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பாயை நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி, எலி எட்டாத இடத்தில் வீட்டுக்குள் வையுங்கள்.